மாடி காலியாக இருந்தபோது

மனிதர்கள் ஏன் ஒருவரையொருவர் ஒதுக்குகிறார்கள் என்று ஆராய்வதுதான் என் பிழைப்பு. உளவியல் பேராசிரியை. (அந்தப் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்த கதை இது.)

திருப்பூருக்கு வேலை தேடி வரும் வடமாநிலத்தாரை உள்ளூர்க்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் விசாரித்தோம். "இவர்களுக்கு வீடு வாடகைக்குத் தருவீர்களா?" என்பது முக்கியமான கேள்வி. திருப்பூர் ராயபுரத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்த பனியன் வியாபாரி ஒருவர், காபி கொடுத்து உபசரித்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கென்னுங்க அம்மிணி, தாராளமாக் குடுக்கலாமுங்க. அவங்களும் மனுசங்கதானுங்களே."

போன வீட்டிலெல்லாம் இதே பதில், இதே காபி. எங்கள் ஊரில் வெறுப்பே இல்லை என்று கருத்தரங்கில் கட்டுரை வாசித்துக் கைத்தட்டலும் வாங்கிவிட்டேன். (நானும் கொங்கு மண்ணில் பிறந்தவள்தான். படித்த படிப்பு கண்ணை மறைத்துவிட்டது.)

வடமாநிலத் தொழிலாளர்களை எனக்காக இந்தியில் பேட்டி எடுத்தவள் ஒடிசாவிலிருந்து வந்த ராஷ்மி. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கணவன் பனியன் கம்பெனியில் டெய்லர். குடியிருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், வேறு வீடு கிடைக்காவிட்டால் ஊருக்கே திரும்ப வேண்டியதுதான் என்றாள். "கவலைப்படாதே, என்கிட்ட ஆராய்ச்சி முடிவே இருக்கு" என்று ஆட்டோ பிடித்து அதே வியாபாரியிடம் அழைத்துப் போனேன்.

அவர் ராஷ்மியைப் பார்த்தார். மறுபடியும் காபி வந்தது. "ஊட்ல கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றார்.

திரும்பும் வழியில் ராஷ்மி ஆசையாக, "எப்போ சொல்வாங்க மேடம்?" என்றாள்.

"சொல்ல மாட்டாங்கம்மா. எங்க ஊர்ல இல்லைன்னு சொல்றதே இப்படித்தான்" என்று விளக்கினேன். (பேராசிரியை அல்லவா, விளக்காமல் இருக்க முடியுமா?)

அவள் மெதுவாகக் கேட்டாள். "மேடம், உங்க மாடி காலியாத்தானே இருக்கு?"

"ஊட்ல கேட்டுட்டுச் சொல்றேம்மா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீடு என் பெயரில் இருக்கிறது. என் கணவர் தக்காளி வாங்கக்கூட என்னைக் கேட்டுத்தான் வாங்குவார். "சரிங்க மேடம்" என்றாள் ராஷ்மி, முகம் மாறாமல். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, சாவியோடு ராஷ்மியின் அறை வாசலில் போய் நின்றேன். அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மாடியில் அதன்பிறகு யாரையும் குடிவைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் "மேல யாருங்க இருக்கறாங்க?" என்று கேட்டால், "அம்மிணியோட ஆராய்ச்சி குடியிருக்குதுங்க" என்பார் என் கணவர். வீடே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். ராஷ்மிக்கு என்ன குழந்தை பிறந்தது என்று போன் பண்ணிக் கேட்கத்தான் இன்னும் எனக்கு முகமில்லை.