மாப்பிள்ளை வேனைக் கடலில் இறக்கியவன்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவனாக இருப்பது ஆபத்தான காரியம். அவனுக்கு அல்ல, குடும்பத்துக்கு. அவன் எதைச் சொன்னாலும் புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் சொல்கிறான் என்று நம்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் பல்பு எரியாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள், ஆடு தீனி எடுக்காவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள். (நான் படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். ஆட்டைப் பற்றி அதில் ஒரு பாடமும் இல்லை.) நானும் கூச்சமே இல்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. மெர்சி அக்காவுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. அக்கா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். மாப்பிள்ளை தேவராஜ், மாதனூர்ப் பக்கத்து ஊர்களில் விடியற்காலையில் பெண்களை ஏற்றிப்போய் அதே கம்பெனியில் இறக்கும் வேனுக்குச் சொந்தக்காரர். டிரைவரும் அவரே. டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் ஆரம்பித்த விஷயம் என்று ஊரில் பேச்சு. அக்கா லேசில் சிரிக்க மாட்டாள். அந்த மாதங்களில் பாத்திரம் கழுவும்போதுகூடச் சிரித்தாள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் எழுந்து சொல்லலாம் என்பார் போதகர் ஐயர். முதல் ஓலைக்கு யாரும் எழவில்லை. இரண்டாவது ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் மாப்பிள்ளைக்கு அந்த ஆசை வந்தது.

"ரெண்டு வீடும் சேந்து ஒரு தபா கடல பாத்துட்டு வந்துர்லாம். மத்த நாள்ல வண்டிக்கு லீவு இல்ல."

அவருடைய அம்மாவை நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "ஞாயித்துக்கெழம சர்ச்ச வுட்டுட்டு கடலுக்கா? நல்லாகீதே!"

"அத்தே, இயேசுவே பாதி ஊழியத்த கடற்கரையிலதான் செஞ்சாரு" என்றேன்.

அத்தை யோசித்தார். "அவரு ஆராதனைய முடிச்சிட்டுதான போயிருப்பாரு?" என்றார். ஆனாலும் தலையணையோடு வந்து ஏறிக்கொண்டார். அவருக்கு முட்டி வலி.

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போய், ஒரு சவுக்குத் தோப்பு ஓரம் மாப்பிள்ளை வேனை நிறுத்தினார். தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். நடுவில் நீளமாக மணல். அத்தை மணலைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார். "நான் இங்கயே குந்திக்கிறேன். நீங்க போய்ட்டு வாங்க."

சம்பந்தி வீட்டு மனுஷியைச் சவுக்குத் தோப்பில் விட்டுவிட்டா கடல் பார்ப்பது? எனக்குள் இருந்த பட்டதாரி விழித்துக்கொண்டான்.

"மாமா, வண்டிய கீழ எறக்குங்க."

"மணல்லயா மச்சான்? மாட்டிக்கும்."

"நம்ம பாலாத்துல லாரியே போவுது. ஈர மணலு கெட்டி மாமா. தண்ணிகிட்ட போய்ட்டா ரோடு மாரி இருக்கும்."

பாலாற்றில் தண்ணீர் வந்தால் எங்களுக்கு அது திருவிழா. மற்ற நாளெல்லாம் அது மணல் சாலை. டிராக்டர், வேன், கல்யாண ஊர்வலம் எல்லாமே அதில் இறங்கித்தான் அக்கரைக்குப் போகும். மணல் என்பது வண்டி ஓட்டுகிற இடம் என்று நம்பி வளர்ந்தவன் நான்.

மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தார். அக்கா சொன்னாள்: "தம்பி சொன்னா சரியாதான் இருக்கும்."

நான் முன்னால் பின்பக்கமாக நடந்து, விமானத்தை இறக்குகிறவன் மாதிரி கையை ஆட்ட, வேன் ஆடி ஆடி வந்து ஈர மணலில் நின்றது. உண்மையிலேயே கெட்டியாகத்தான் இருந்தது. அன்றைக்கு என் நெஞ்சு இருந்த அகலத்துக்குச் சட்டையே பத்தவில்லை.

வேன் நிழலில் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டோம். தோல் பதனிடும் ஷெட்டில் நாளெல்லாம் தோலிலிருந்து உப்பை உதறுகிற எங்கள் நைனா, கடல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இங்கயும் இதேதானா?" என்றார். அத்தை வேன் படியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு அலை வந்து அவர் விரலைத் தொட்டது. குழந்தை மாதிரிச் சிரித்தார். தூரத்தில் அக்காவும் மாப்பிள்ளையும் கிளிஞ்சல் பொறுக்கினார்கள். நான் மல்லாந்து படுத்து, எல்லாம் என் ஏற்பாடு என்று கண்ணை மூடினேன்.

நைனாதான் எழுப்பினார். "டேய், வண்டி குள்ளமாயிட்டா மாரி கீது."

சக்கரம் பாதி உள்ளே போயிருந்தது. ஒவ்வொரு அலையும் டயருக்கு அடியில் இருந்த மணலை அள்ளிக்கொண்டு போனது. (நிலவின் ஈர்ப்பால் கடல் மட்டம் ஏறுவது எப்படி என்ற கேள்விக்குப் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.) மாப்பிள்ளை ஓடி வந்து வண்டியைக் கிளப்பினார். அது இன்னும் இறங்கியது. எல்லோரும் தள்ளினோம். அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினாள். எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

மீனவர்கள் வந்து, படகு இழுக்கும் கயிற்றைக் கட்டினார்கள். ஒருவர் என்னிடம் கேட்டார்.

"எந்த ஊரு?"

"ஆம்பூர்."

"அங்க கடல் இருக்குதா?"

"இல்லீங்க."

"அதான்."

வேன் கரையேறியபோது பொழுது சாய்ந்திருந்தது. கதவைத் திறந்ததும் அத்தையின் தலையணை தானாக வெளியே வந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஈரத் துணியோடு பஸ் மாறி மாறி ஊர் வந்தோம்.

மறுநாள் காலை மாதனூர்ப் பக்கம் பெண்கள் வேனுக்காக நின்றுகொண்டே இருந்தார்கள். அந்த வாரத்துக்குள் கம்பெனி அந்த லைனை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டது. அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஓலைக்கி மனுஷன் யாரும் தடை சொல்லல. கர்த்தரே சொல்ட்டாரு." மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

மாப்பிள்ளை ஒருமுறை வந்தார். "வண்டி சரியாவட்டும், அம்மா மனசும் சரியாவும்" என்று அக்காவிடம் சொன்னார். இரண்டும் ஆகவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ரொம்ப நாள் கழித்து ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "இன்னா தம்பி, நல்லாகிறியா?" என்றார். மச்சான் போய்த் தம்பி ஆகியிருந்தேன்.

அக்காவை அரக்கோணத்தில் ரயில்வேக்காரருக்குக் கொடுத்தோம். நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகள். இப்போதும் வீட்டில் நான் எதைப் பற்றி வாய் திறந்தாலும், அம்மா, நைனா, அந்தப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் கோரஸாகச் சொல்வார்கள்: "தம்பி சொன்னா சரியாதான் இருக்கும்!" நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் அந்தக் கோரஸில் சேர மாட்டாள்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள், முறுக்கு மாவு பிசைந்துகொண்டே, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாள்.

"அந்த வேன் இன்னும் ஓடுதாடா?"

மாதனூர் போகும் வழியில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால், சக்கரம் இல்லாமல், செங்கல் மேல் நிற்கிறது. உள்ளே கோழி அடைக்கிறார்கள்.

"ஓடுதுக்கா" என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி சொன்னா சரியாதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, முறுக்கு பிழிய ஆரம்பித்தாள்.