நோட்டில் நாலு கையெழுத்து

மேலப்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் மீரா முகைதீன் அவர்களுக்கு, உங்கள் தங்கை மாப்பிள்ளை பீர் மைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உங்கள் தங்கை ஆபிதா சுகம், மருமகள் முஃபீதா சுகம், கடையும் சுகம். என் சுகத்தைப் பற்றிப் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். சவூதிக்கு, தம்மாமுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ‘சரி மச்சான்’ என்பேன். இருபது வருஷமாக அதுதானே நடக்கிறது! அதனால்தான் காகிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் சல்மான் ஃபாரிஸுக்கும் என் மகள் முஃபீதாவுக்கும் டிசம்பர் இருபத்தெட்டில் நிக்காஹ் என்று நான் கொடுத்த வாக்கில் மாற்றம் கிடையாது. பாத்திர வாடகைக் கடைக்காரன் வீட்டுக் கல்யாணம் இல்லையா, இருபது பிரியாணி தேக்சாவுக்கும் ஈயம் பூசி, ‘வீட்டு விசேஷம், எவனும் தொடக்கூடாது’ என்று சாக்பீஸில் எழுதிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். பாளையங்கோட்டையில் முஃபீதா சேர்ந்திருக்கும் காலேஜில், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு மணி நேரம் தனியாக இங்கிலீஷ் வகுப்பு வைக்கிறார்கள். நானும் ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பார்கவி டீச்சர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தினமும் ஒரு கருத்து சொல்லணும், அதற்கு மூன்று காரணம் எழுதணும், எழுதியதை வீட்டில் ஒருத்தருக்குப் படித்துக் காட்டித் தமிழில் விளக்கணும். கேட்டவர் ஒத்துக்கொண்டால் ‘கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்குக் கீழே கையெழுத்து. ஒத்துக்கொள்ளாவிட்டால் அவரும் மூன்று காரணம் சொல்லணும். டீச்சர் பிழை திருத்திக் கொடுத்தால் மறுபடி எழுதி, மறுபடி படித்துக் காட்டி, மறுபடி கையெழுத்து. வீட்டில் அந்த ஒருத்தர் யார்? நான்தான்.

ஆரம்பத்தில் பிள்ளை வந்து, “வாப்பா, படிச்சுக் காட்டுதேன்” என்று நிற்பாள். நான் வண்டியில் வாடகை நாற்காலி ஏற்றிக்கொண்டிருப்பேன். “எங்கன போடணும்னு காட்டும்மா” என்பேன், போட்டுவிடுவேன். பேங்கில், ஆஸ்பத்திரியில், சரக்கு வந்த சீட்டில் எல்லாம் அப்படித்தானே போடுகிறேன்! ஒரே ஒரு நாள் மழை, வேலை இல்லை, உட்கார்ந்து கேட்டேன். ‘எங்கள் கடையில் சிவப்பு நாற்காலியையும் நீல நாற்காலியையும் கலந்து அனுப்பக் கூடாது’ என்று எழுதியிருந்தாள். மூன்று காரணமும் நியாயம், மச்சான். மறுநாளே பிரித்து அடுக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கேட்டாலே தலை குனியும் பிள்ளை, “ஏன்னு சொல்லுங்க வாப்பா” என்று என்னையே கேட்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவனிடமெல்லாம் சொன்னேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது தெரியாமல் சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சோறு தின்றுவிட்டு, நிக்காஹ் தேதியை வீட்டில் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் சமாளிக்கலாம், அதற்கு நாலு பேச்சு தயாராக வைத்திருந்தேன். பாவி மகள் அழவில்லை. உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்தாள்.

“வாப்பா, இந்தப் படிப்பு முடிஞ்ச பொறவுதான் நிக்காஹ்னு நீங்க நாலு தடவ ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிய.”

டீச்சர் திருத்தத் திருத்த மறுபடி எழுதிய நாலு பக்கம். நாலிலும் என் கையெழுத்து. உங்கள் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

சும்மா விடுவேனா? மறுநாள் காலையிலேயே காலேஜுக்குப் போய், “டீச்சர், நான் கேக்காமப் போட்ட கையெழுத்து செல்லாது” என்றேன். அந்தம்மா கோபப்படவே இல்லை.

“உக்காருங்க பாய். உங்களுக்கும் மறுப்பு எழுத இடம் இருக்கு. மூணு காரணம் எழுதிக் குடுங்க, தமிழ்லயே எழுதலாம்” என்று ஒரு தாளை நீட்டினார்கள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் பரீட்சை எழுதும் கிழவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒன்று, மச்சானுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு, தேக்சாவுக்கு ஈயம் பூசிவிட்டேன். மூன்றாவது வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்த பியூன் மாடக்கண்ணு எட்டிப் பார்த்து, “ஊரு என்ன பேசும்னு எழுதும் வே, எல்லாரும் அதத்தான எழுதுதாவ” என்றார். எழுதினேன். டீச்சர் படித்துவிட்டு, “ஊர்ல யாரு பேசுவா? ஒரு ஆள் பேர் போடுங்க பாய்” என்றார்கள். நம் தெரு முழுக்க மனசுக்குள்ளேயே நடந்து பார்த்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவரவர் ஜோலி. கடைசியில் வந்த பேர் என் பேர்தான். பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, அவள் எழுதியதைப் படிக்கச் சொல்லி முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். உங்களுக்கும் தெரியணும். முதல் காரணம், மனசில் நினைப்பதைச் சொல்ல இப்போதுதான் படித்திருக்கிறாளாம், பாதியில் விட்டால் அதுவும் போய்விடுமாம். இரண்டாவது, பெண்ணிடம் சம்மதம் கேட்கணும் என்பது மார்க்கம் சொன்னது, பந்தல் போட்ட பிறகு கேட்டால் அது கேள்வியே இல்லையாம். சல்மான் மச்சான் மேல் குறை ஒன்றும் இல்லை, அவரிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறாள். மூன்றாவதை அப்படியே எழுதுகிறேன்: ‘என் வாப்பா நல்லவர். யார் எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுவார். நிக்காஹ் பதியும் தஃப்தரில் நானும் அப்படிப் போட வேண்டாம்.’

எனக்கு வலித்தது மச்சான். பெற்ற பிள்ளை இப்படி எழுதிவிட்டதே என்று வலித்தது. நாலு தடவை என் முகத்துக்கு நேரே நோட்டை நீட்டியிருக்கிறாள், நான் கேட்கவில்லையே என்று அதைவிட வலித்தது.

ஆனாலும் ஆண் பிள்ளை வாக்கு வாக்குதான். டிசம்பர் இருபத்தெட்டு அப்படியேதான் இருக்கிறது. அந்த மூன்றாவது காரணம் ஒன்று மட்டும் உங்களிடம் இருந்தால் உடனே எழுதி அனுப்புங்கள். யாராவது ஒரு ஆள் பேரோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்தம்மா திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சல்மானிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதினால் நல்லது.

வெயிலில் அலையாதீர்கள், சர்க்கரை மாத்திரையை விடாதீர்கள். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாம். அல்லாஹ் உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக.

உங்கள் அன்பு மச்சான்,
பீர் மைதீன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது ஏர்வாடியிலிருந்து ஒரு கல்யாணக்காரர் வந்தார். டிசம்பர் இருபத்தெட்டுக்கு இருபது தேக்சா வேண்டும் என்றார். சாக்பீஸில் எழுதியிருந்ததைத் துடைத்துக் கொடுத்துவிட்டேன். வாடகைச் சீட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் முஃபீதாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.