பைக்குக் காவல் இருக்க மாட்டேன், அத்தான்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
10-4-2003

மரியாதைக்குரிய அத்தான் நெல்லையப்பன் அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனி செண்பகவல்லி பணிவோடும் பெருங்காய வாசனையோடும் எழுதிக்கொள்வது. வாசனைக்குக் கோபிக்க வேண்டாம். பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து பெருங்காயம் பொட்டலம் கட்டுகிற கை, எத்தனை சோப்புப் போட்டாலும் வாசனை காகிதத்தில் ஏறிவிடும். சாம்பார் கொதிக்கும்போது பக்கத்தில் வைத்து வாசித்தால் வித்தியாசம் தெரியாது. உங்கள் சர்க்கரையும் பிரஷரும் அடக்கமாக இருக்கின்றன என்றும், கோமதி அக்காவின் இடுப்பு அவள் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்றும், மகேஷ்குமாரும் சுஜாவும் பரீட்சையை வாத்தியார் மனம் நோகாமல் எழுதினார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே நானும், என் வீட்டுக்காரரும், அவருடைய வயிற்றுப்புண்ணும் ஒற்றுமையாக இருக்கிறோம்.

நீங்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து போட்ட கார்டு வந்தது. மே மாதம் எல்லாரும் இங்கே வந்து, ஊருக்கு வெளியே குன்றின்மேல் புதிதாகத் திறந்திருக்கும் தண்ணீர்ப் பார்க்குக்குப் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோது எனக்கு அப்படியே இறக்கை முளைத்தது. அடுத்த வரியிலேயே இறக்கையை வெட்டிவிட்டீர்கள். "சாப்பாடெல்லாம் இங்கிருந்தே செய்து கொண்டு வருகிறோம், நீ சிரமப்படாதே, நிழலாக ஓர் இடத்தில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டால் போதும்." அன்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். அன்பில்லாத மனுசர் இத்தனை வருசமாக ஒரே வேலையை ஒருத்திக்கே ஒதுக்கி வைப்பாரா.

அத்தான், கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குற்றாலத்துக்குப் போனோம். நீங்கள் எல்லாரும் அருவியில் நின்று கூச்சல் போட்டீர்கள், நான் பாறைமேல் உட்கார்ந்து உங்கள் வேட்டிக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் குரங்கிடமிருந்து பாதுகாப்புக் கொடுத்தேன். கன்னியாகுமரிக்குப் போனோம். நீங்கள் படகேறி நடுக்கடலுக்குப் போனீர்கள், நான் கரையில் ஐந்து ஜோடி செருப்போடு பேசிக்கொண்டிருந்தேன். இங்கே மிருகக்காட்சிசாலைக்கு வந்தீர்களே, அன்றைக்கும் என்னை நீர்யானைக்கு எதிரே பெஞ்சில் பைகளோடு உட்கார்த்திவிட்டுச் சிங்கம் பார்க்கப் போனீர்கள். நானும் நீர்யானையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மத்தியானத்தைக் கழித்தோம். அதுவாவது தண்ணீரில் கிடந்தது. கடைசியில் அது கொட்டாவி விட்டுவிட்டு முங்கிவிட்டது, என் முகத்தைப் பார்த்து அலுத்துப்போயிருக்கும்.

இந்த முறை நான் உள்ளே இறங்கப்போகிறேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூன்று வயசில் போலியோ வந்து சூம்பிய கால், நடப்பதற்காக அதில் மாட்டிய கம்பி, எல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது, நீங்கள் மறக்கவிட்டால்தானே. ஆனாலும் இறங்கப்போகிறேன்.

இதற்கு இடைஞ்சல் என் கால் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. இடைஞ்சல் உங்கள் சாப்பாடு. நீங்கள் பாத்திரக்கடை வைத்தாலும் வைத்தீர்கள், விற்காத தூக்குவாளியெல்லாம் நம்முடைய டூருக்கு வருகிறது. உங்களுக்குச் சர்க்கரை என்று கேழ்வரகுப் புட்டு ஓர் அடுக்கு, பிரஷர் என்று உப்பில்லாத கூட்டு இன்னோர் அடுக்கு, நேரம் தப்பினால் தலை சுற்றும் என்று இடையில் கொறிக்கப் பொரிகடலை ஒரு டப்பா. அக்கா இடுப்புவலிக்குச் சித்த மருந்து சாப்பிடுகிறாள், அவளுக்குப் பத்தியம், புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, பச்சைத் தண்ணீர் ஆகாது, அதனால் அவளுக்குத் தனியாக மிளகு ரசம், சீரகத் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்க். என் வீட்டுக்காரருக்கு வயிற்றுப்புண், மிளகாய் கண்ணில் படக்கூடாது, அவருக்கு மோர்ச்சோறு. ஒருத்தர் சாப்பாட்டை இன்னொருத்தர் தொட்டால் ஆஸ்பத்திரி. இத்தனையையும் சுமந்துகொண்டு போனால் யாராவது ஒருத்தர் காவல் இருக்கத்தானே வேண்டும். அந்த ஒருத்தர் யார் என்று கேட்பதற்குள் எல்லாருடைய கண்ணும் என் காலுக்கு வந்துவிடும்.

பார்க்குக்காரன் அச்சடித்த நோட்டீஸ் ஒன்று கடைக்கு வந்த பேப்பருக்குள் இருந்தது. அதைப் பெருங்காயம் மடிக்க எடுத்தவள் மடிக்காமல் வைத்துக்கொண்டேன். அதில் ஒரு படம். ஒரு வாய்க்கால், வளைந்து வளைந்து பார்க்கைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்கிறது. தண்ணீர் தானாக ஓடுகிறது. அதில் மஞ்சள் நிற ரப்பர் டியூப்பில் ஆட்கள் சாய்ந்து கிடக்கிறார்கள். அத்தான், நான் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், அதில் நடக்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. நல்ல கால் இருக்கிறவனும் காலைச் சும்மா தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கிறான். இந்த உலகத்தில் அப்படி ஓர் இடம் கட்டி வைத்திருக்கிறார்கள், அதுவும் பஸ் போகிற தூரத்தில். மத்தியானம் கடையில் ஆள் குறைந்து, முதலாளி கல்லாவில் கண்ணசரும்போது, மேலே காற்றாடி கரகரவென்று சுற்றும். நான் கை பாட்டுக்குப் பொட்டலம் கட்ட, கண்ணை லேசாக மூடினால், கோணிமூட்டையெல்லாம் கரையாகிவிடும். மல்லி மூட்டை ஒரு பக்கம், வற்றல் மூட்டை ஒரு பக்கம், நடுவே தண்ணீர். நான் போய்க்கொண்டே இருப்பேன். கம்பி கிடையாது, செருப்பு கிடையாது, டக் டக் என்ற சத்தம் கிடையாது. கால் இரண்டும் தண்ணீருக்குள் மீன்குஞ்சு மாதிரி தன் இஷ்டத்துக்கு ஆடும், எது நல்ல கால் எது மற்றது என்று எனக்கே தெரியாது. வெயில் இலை வழியாக விழுந்து வயிற்றில் நாணயம் நாணயமாக ஆடும். யாரோ கரையில் நின்று என்னமோ விலை கேட்பார்கள், நான் பதில் சொல்லாமல் திரும்பிவிடுவேன். ஒருநாள் அப்படித்தான் ஒருத்தர் நிஜமாகவே விலை கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார், கிராம்பு வாங்க வந்தவர். முதலாளி எழுந்து, "செண்பகம், எங்க போயிட்டே?" என்று கேட்டார். "வளைவுல திரும்பிக்கிட்டிருக்கேன் முதலாளி, இந்தா வந்துட்டேன்" என்றேன். அவர் பாவம், மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூட்டை சுமந்துவிட்டு வந்து முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப் பிள்ள ஒனக்கு அந்த வேல? தண்ணிக்குள்ள விழுந்துட்டேன்னா?"

"தண்ணிக்குள்ள விழுந்தா தண்ணியிலதான விழுவேன். நான் விழாத தரையா? சாலைக் கடைத்தெருவுல எந்தக் கல்லு எப்படி இடிக்கும்னு எனக்கு மனப்பாடம்."

"கம்பி துருப்பிடிச்சிரும்."

"கம்பியையா குளிப்பாட்டப் போறேன்? அத கழத்தி ஒங்க மடியில வச்சிட்டுல்லா போவேன்."

அவர் முதுகு தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "அப்ப பைய யாரு பாக்கது?" என்றார். பார்த்தீர்களா, இருபத்தி இரண்டு வருசம் என்னோடு குடும்பம் நடத்திய மனுசர், நான் மூழ்கிவிடுவேனோ என்று ஒரு நிமிசம் பயந்தார், அதற்கு மேல் மோர்ச்சோறு ஞாபகம் வந்துவிட்டது. உங்களுக்குத் தப்பாத சகலை.

சரி, பார்க்குக்காரனிடமே கேட்டுவிடுவோம் என்று பக்கத்து வீட்டு ராஜபாயைக் கூட்டிக்கொண்டு டெலிபோன் பூத்துக்குப் போனேன். ராஜபாய்க்கு மலையாளம் எழுதப் படிக்கவும் தெரியும், சண்டை போடவும் தெரியும். அவள் போனை எடுத்து, உப்பில்லாத சாப்பாடு கிடைக்குமா, புளியில்லாத சாப்பாடு கிடைக்குமா, மிளகாயில்லாத சாப்பாடு கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டாள். எதிர்முனையில் இருந்தவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேச்சி, இது பார்க்காணு, ஆஸ்பத்திரி அல்ல" என்றான். பிரியாணி உண்டாம், ஐஸ்கிரீம் உண்டாம். வெளிச் சாப்பாட்டை கேட்டிலேயே பிடித்து வைத்துவிடுவார்களாம். இதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம் சொல்ல முடியாது. போனை வை, வை என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் அந்தப் பாவி மகள், "சுகமில்லாதவங்களுக்கும் விடமாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். டாக்டர் சீட்டு இருந்தால் விடுவார்களாம். இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன், பேனா எழுதிவிட்டது.

பிறகு என் காலைப் பற்றிக் கேட்டாள். அதற்கும் அவனிடம் பதில் தயாராக இருந்தது. கால் வராதவர்களுக்குப் பாதி டிக்கெட்டாம், மரத்தடியில் நல்ல பெஞ்சு போட்டிருக்கிறார்களாம், காற்று சுகமாக வருமாம். கேட்டீர்களா, முகம் தெரியாத ஆள், அவனும் என்னைப் பெஞ்சில் உட்கார்த்திவிட்டான். நீங்கள் ஏதும் கார்டு கீர்டு போட்டு வைத்திருக்கிறீர்களா? நான் ராஜபாயிடம், "எனக்கு முழு டிக்கெட்டுன்னு சொல்லு, பாதி டிக்கெட்டுன்னா பாதி தண்ணியிலதான் விடுவான்" என்றேன். அவள் அதை அப்படியே சொன்னாள். அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ஆகையால் அத்தான், என்னுடைய விண்ணப்பம் இது. மே மாதம் கட்டாயம் வாருங்கள், ஆனால் வெறுங்கையோடு வாருங்கள். ஒரு தூக்குவாளி வேண்டாம், ஒரு டப்பா வேண்டாம், மாற்றுத் துணிகூட உடம்பிலேயே இரண்டாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். காலையில் என் வீட்டில் அவரவர் பத்தியப்படி நானே ஆக்கிப் போடுகிறேன், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவோம், திரும்பி வந்து சாப்பிடுவோம். இடையில் தலை சுற்றினால் அதுவும் அங்கே ஒரு ராட்டினம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பை இல்லையென்றால் காவல் இல்லை, காவல் இல்லையென்றால் நானும் உங்களைப் போல ஒருத்தி. இதை நான் விளையாட்டாக எழுதுகிறேன் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நான் எழுதினால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் சிரித்து முடித்த பிறகு இந்த ஒரு பத்தியை மட்டும் அக்காவுக்கு இன்னொரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எனக்கு நாற்பத்தி ஏழு வயசாகிறது. கழுத்தளவு தண்ணீரில் நான் இன்னும் நின்றதில்லை.

அக்காவின் இடுப்புக்கு என் தனி விசாரிப்பு. மகேஷ்குமாருக்கும் சுஜாவுக்கும் நிறைய மார்க்கும் கொஞ்சம் புத்தியும் கிடைக்க என் ஆசீர்வாதம். உங்கள் கடையில் பித்தளை மினுங்கட்டும், ரத்தத்தில் சர்க்கரை குறையட்டும், வாயில் என்றும் குறையாமலிருக்கட்டும். காலில் விழுந்து கும்பிட ஆசைதான், இந்தக் கம்பியோடு விழுந்தால் எழுப்ப ஆள் வேண்டும் என்பதால், நின்றபடியே கும்பிட்டுக்கொள்ளும்

தங்கள் அன்பு மைத்துனி
இ. செண்பகவல்லி

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். கடிதத்தை உறையில் போட்டு வைத்தேன், ஒட்டவில்லை. நேற்று முதலாளி வீட்டில் கல்யாணம், கடை அடைப்பு. ராஜபாயின் சர்ச்சுச் சபைப் பெண்கள் வேன் பிடித்து அதே பார்க்குக்குப் போனார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல், ஓர் இடம் காலி, நான் ஏறிவிட்டேன். அந்த வாய்க்காலில் சேர வேண்டுமென்றால் முதலில் படியேறிப் போய்க் குழாயில் சறுக்கி விழ வேண்டும், நோட்டீஸில் அதைப் போடவில்லை. படிக்குக் கீழே விசிலோடு நின்ற பையன் என் காலைப் பார்த்ததும், "சேச்சிக்கு வய்யல்லோ, அவிடெ பெஞ்சில் இரிக்கு" என்றான். என்னால் முடியாதாம், பெஞ்சில் உட்கார வேண்டுமாம். பக்கத்தில் ஒரு பலகை, யார் யாரெல்லாம் ஏறக்கூடாது என்று. ராஜபாய் அதைக் கோயிலில் வேதம் வாசிக்கிற குரலில் வாசித்தாள். பிரஷர் உள்ளவர்கள் ஏறக்கூடாது. அது நீங்கள். இடுப்புவலி உள்ளவர்கள் ஏறக்கூடாது. அது அக்கா. குடித்துவிட்டு வந்தவர்கள் ஏறக்கூடாது. அது யார் என்று நான் எழுத மாட்டேன், வயிற்றில் புண் எப்படி வந்தது என்று அவரையே கேளுங்கள். இன்னும் நெஞ்சுவலி, பிள்ளைத்தாய்ச்சி என்று என்னென்னவோ இருந்தது. காலைப் பற்றி ஓர் எழுத்துக் கிடையாது. "எங்க எழுதியிருக்குன்னு காட்டு தம்பி" என்றேன். அவன் பலகையை மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் வாசித்தான், தலையைச் சொறிந்தான், "எந்நா கேறிக்கோ" என்றான், அப்படியானால் ஏறிக்கொள் என்று. கம்பியைக் கழற்றி ராஜபாய் மடியில் வைத்துவிட்டு, படியில் முதுகு காட்டி உட்கார்ந்து உட்கார்ந்தே மேலே ஏறினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரையும் நேருக்கு நேர் பார்த்துக் குசலம் விசாரித்துக்கொண்டே போனேன்.

ஆகையால் மே மாதம் தாராளமாக எல்லாப் பாத்திரத்தோடும் வாருங்கள். டாக்டர் சீட்டை மறக்க வேண்டாம். நம் குடும்பத்தில் நானும் பிள்ளைகளும்தான் தேறுவோம், மற்ற மூன்று பேரும் பெஞ்சில் இருந்து சாப்பிடலாம், இடம் தாராளமாக இருக்கிறது, காற்று அவன் சொன்னது போலவே சுகம். தண்ணீர் எப்படி இருந்தது என்று அக்கா கேட்பாள். நான் மத்தியானங்களில் கண்டதைவிடக் கொஞ்சம் குளிர். கால் மட்டும் நான் கண்டது போலவே இருந்தது. குழாயில் சறுக்கி டியூப்பில் ஏறியவள் சுற்றிச் சுற்றி வந்தேன், எத்தனை சுற்று என்று தெரியாது. மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள், வேன்காரன் ஹாரன் அடிக்கிறான், விசில்காரப் பையன் கரையோடு கூடவே ஓடி வந்து, "சேச்சி, மதி, மதி, கேறி வா" என்று கத்துகிறான், போதும், ஏறி வா என்று. இந்த ஊரில் இருபத்தி இரண்டு வருசம் மலையாளத்திலேயே காய்கறி வாங்கி, மலையாளத்திலேயே ரேஷன் கடையில் சண்டை போட்ட நான், அவனை நன்றாக ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனக்கு மலையாளம் தெரியாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே வளைவில் திரும்பிவிட்டேன்.