முருகன் கன்னத்தில் குரோமியம்

கையில் ஏதாவது ஒரு மிஷின் கிடைத்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. எண்பதுகளில் இந்த வியாதி முற்றியிருந்தது. பழைய சிலையைச் சுரண்டாமல், எக்ஸ்ரே கதிர் பாய்ச்சியே அதில் என்னென்ன உலோகம் என்று சொல்லும் கைப்பெட்டி ஒன்றை ஆய்வுக்கூடத்தில் என்னை நம்பிக் கொடுத்திருந்தார்கள். (கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்.)

மாதனூர் பக்கம் ஒரு முருகன் கோயில். உற்சவர் பல நூறு வருஷத்துப் பஞ்சலோகம் என்று பேச்சு. பெட்டியின் முனை சாமியைக் கீறிவிடுமே என்று, அதைச் சுற்றி மெத்தென்று ஒரு பட்டை ஒட்டிக்கொண்டு போனேன். அந்தச் சாமர்த்தியத்துக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊரே கூடி நின்றது. முனையை முருகன் கன்னத்தில் வைத்தேன். செம்பு காட்டியது, ஈயம் காட்டியது. கூடவே குரோமியமும் காட்டியது! பழைய பஞ்சலோகத்தில், நேற்று வந்த உலோகமான குரோமியத்துக்கு என்ன வேலை? முதுகில் வைத்தேன், பாதத்தில் வைத்தேன். எங்கேயும் குரோமியம்.

யாரையாவது தனியாக அழைத்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "இது நேத்து வார்த்த சிலை! அசலை யாரோ மாத்திட்டாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சாவி இருந்தது ஒரே ஒருவரிடம். முப்பது வருஷமாகப் பூஜை செய்யும் பூசாரி தணிகாசலம். அத்தனை கண்ணும் அவர்மேல் திரும்பியது. ஒருவர் போலீசை அழைத்துவர சைக்கிளில் ஏறினார்.

"இன்னா சார் சொல்றீங்க? பெத்த புள்ளைய விட ஜாஸ்தியா பாத்துக்கினேன் சார்..." என்று அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். ("மிஷின் பொய் சொல்லாது" என்றேன் நான். மகா பாவி!)

கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சார், இது ஷூவுக்கு உள்ள வெக்கிற ஆட்டுத்தோலு. தெனம் இதத்தான் வெட்றேன். குரோம் போட்டுப் பதம் பண்ணது. அதத்தான் சொல்லுதோ இன்னாவோ உங்க மிஷின்?"

பட்டையைப் பிய்த்தெறிந்து மறுபடி வைத்தேன். குரோமியம் இருந்த இடம் தெரியவில்லை. ஆம்பூரில் பிறந்து, தோல் வாசனையிலேயே வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லை! நாலு பேர் ஓடிப்போய் சைக்கிளை மடக்கினார்கள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் ஒரு அம்மா அலறினார்: "அடப்பாவி! சாமி கன்னத்துல ஆட்டுத்தோல வெச்சுட்டானே!"

தீட்டுக் கழிய நூற்றெட்டுக் குடம் தண்ணீர். கிணற்றிலிருந்து நானே சுமந்தேன். படியில் உட்கார்ந்து எண்ணிய தணிகாசலம், எண்பதாவது குடத்தில் எண்ணிக்கையை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்தப் பெண், மல்லிகா. இரண்டு வருஷம் கழித்து அதே சந்நிதியில் அவளைக் கைப்பிடித்தேன். கெட்டிமேளம் முழங்கும் நேரம். தணிகாசலம் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, சபை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "இன்னா மாப்ளே, அப்டியே கட்டிட்றியா, இல்ல மிஷின் வெச்சுப் பாக்கணுமா?"

இன்றுவரை எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் தாலி எடுத்துக் கொடுக்கும்போது யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் மல்லிகாதான்.