அத்தைக்கு அடித்த போஸ்டர்

பாப்கார்ன் வாசனை மூக்கில் ஏறினால் எனக்குச் சாவு வீடு ஞாபகம் வரும். மற்றவர்களுக்குச் சாம்பிராணி, மல்லிகை, அணைந்த மெழுகுவத்தி. எனக்கு வெண்ணெயில் பொரிந்த சோளம். (பரிதாபமாகப் பார்க்க வேண்டாம். முழுசாகக் கேட்டுவிட்டுப் பாருங்கள்.)

எங்கள் நகரில், பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு தையல் கடையின் மாடியில் குட்டித் திரையரங்கு ஒன்று இருக்கிறது. மிஸ்டர் லிம் நடத்துகிறார். பெரிய தியேட்டர்கள் தொடாத படங்களாகத் தேடிப் பிடித்துப் போடுவார். மாதம் பிறந்தால் வாசலில் 'விரைவில்' பட்டியல் ஏறிவிடும். ஈரான் வரும், கொரியா வரும், பனி கொட்டிக்கொண்டே இருக்கும் ஏதோ ஒரு தேசம் வரும். தமிழ் மட்டும் வராது. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று மாதா மாதம் அவரோடு சண்டை போடுவேன். பெரிய ஹீரோ இல்லாமல் உங்கள் ஆட்கள் மாடிப்படி ஏற மாட்டார்கள் என்பார். கடைசியில் என் தொல்லை தாங்காமல் ஒரு ஞாயிறு மதியக் காட்சியைக் கொடுத்தார். நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் இனி அந்தப் பட்டியலில் தமிழ் என்ற பேச்சே கூடாது.

படம், உள்ளூர் இயக்குநர் ஒருவர் காப்பார் என்ற கடலோர ஊரில் எடுத்தது. கடல், மீன், ஒரு பெண், மிகக் குறைவான பேச்சு. அந்தப் பெண் என் சொந்த அத்தை ரோசலின். நடிகை இல்லை, அந்த ஊரில் காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பவர். அவர் முகத்துக்காகவே இயக்குநர் கெஞ்சிக் கூட்டிப்போயிருந்தார். கேலி செய்வார்கள் என்று அத்தை சொந்தத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை, என்னைத் தவிர.

போஸ்டர் நான் செய்கிறேன் என்றேன். (யாரும் கேட்கவில்லை. கவிதை எழுதுகிறவர்களிடம் இந்த வியாதி உண்டு.)

அத்தையின் முகம் கறுப்பு வெள்ளையில், சிரிப்பில்லாமல், நேர்ப் பார்வையாக. கீழே பெரிய எழுத்தில் 'ரோசலின், காப்பார்'. ஞாயிறு, மூன்று மணி, பிரிக்ஃபீல்ட்ஸ் முகவரி. சுற்றிலும் கறுப்புக் கட்டம். படத்தின் பெயரையும் 'திரைக்கு வருகிறது' என்பதையும் அடியில், கறுப்பின் மேல் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்வதுபோல் போட்டேன். முகம் ஒன்று போதும், மற்றதெல்லாம் இரைச்சல் என்று அன்றைக்கு அப்படி ஒரு திமிர். மிஸ்டர் லிம் கொஞ்சம் தயங்கினார். ஆர்ட் படம் என்றதும், ஓகே லா என்று தலையாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமையே அத்தையைக் காரில் ஏற்றி என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கைப்பேசியைக் காப்பாரில் சார்ஜில் போட்டபடியே வந்துவிட்டார். சனிக்கிழமை காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போஸ்டரைப் போட்டேன். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. கலை தானாகப் பேசட்டும்.

பேசியது. அழும் முகங்களாக வந்து குவிந்தன. என் கறுப்பு வெள்ளை எல்லோரையும் உலுக்கிவிட்டது என்று சிலிர்த்துப்போனேன். அழைப்புகளும் வந்தன. ஓசி டிக்கெட்டுக்காக இருக்கும் என்று ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அந்த நேரத்தில் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் லாரன்ஸ் சித்தப்பா, அத்தையின் தம்பி, காப்பாருக்கே பறந்து போயிருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளே கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தையல் கடை வாசலில் ஒரு பஸ் நின்றது. பின்னால் மேரு ஊர்ச் சொந்தங்களோடு இரண்டு வேன். இறங்கியவர்கள் எல்லோரும் வெள்ளை, கறுப்பு. கையில் ஜெபமாலை. என் மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை. ரசனையான கூட்டம், அடக்கமாக உடுத்தியிருக்கிறார்கள் என்று பூரித்தேன். சித்தப்பா மட்டும் தன் உயரத்துக்கு ஒரு மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினார். முதல் காட்சிக்கு இது உங்கள் வழக்கமா என்று மிஸ்டர் லிம் என் காதைக் கடித்தார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் மரியாதையாக அதை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

அப்போதுதான் கழிப்பறையிலிருந்து அத்தை வந்தார். ஊதாப் பட்டுப்புடவை, கையில் பாப்கார்ன். எங்கோ ஒரு ஜெபமாலை தரையில் விழுந்தது.

"யாருடா செத்தது?" என்றார் அத்தை.

சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். "நீதான்க்கா."

அத்தை சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தார். மலர்வளையத்தின் நாடாவில் தன் பெயரைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் படிகளைப் பார்த்தேன். கூட்டத்துக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்றார் ஒருவர். பஸ்ஸை எடுக்கச் சொல்லு என்றார் சித்தப்பா. பாதிப் பேர் படியிறங்கத் திரும்பிவிட்டார்கள். மிஸ்டர் லிம்மின் காலி நாற்காலிகள் கண்ணுக்குள் வரிசையாக வந்து நின்றன.

அத்தை படியின் நடுவில் போய் வழியை மறித்துக்கொண்டார். "கடைசியா ஒரு தடவை என் மூஞ்சியப் பார்க்கத்தானே வந்தீங்க? உள்ளதான் இருக்கு. போய் உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் படிகளிலும். திரையில் அத்தை முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தபோது, உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தும், அரங்கமே விம்மியது. அத்தை மீன் ஆய்கிற நீண்ட காட்சி முழுவதும் ஒருவர்கூட இருமவில்லை.

என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்கவில்லை. இன்றும் கேட்க மாட்டேன். பெரிய நடிகர் கறுப்பு வெள்ளையில் முறைத்தால் ஸ்டைல்; அவர் கட்அவுட்டுக்கு மாலை போட்டால் திருவிழா. ஐம்பது தாண்டிய, நாசி லெமாக் விற்கிற ஒருத்தி சிரிக்காமல் நேராகப் பார்த்தால் உடனே செத்துப்போனாளா? அவள் முகம் பெரிதாக அச்சாக நாம் ஒதுக்கியிருக்கும் ஒரே நாள் அவள் அடக்க நாள்தான் என்றால், தப்பு என் போஸ்டரில் இல்லை. சாம்பல் எழுத்து மட்டும் கொஞ்சம் சின்னது. (அவ்வளவுதான். அதற்கு மேல் ஒப்புக்கொள்ள முடியாது.)

இன்றும் எங்கள் குடும்பக் குழுவில் யார் எந்தப் புகைப்படம் போட்டாலும் சித்தப்பாவின் கேள்வி முதலில் வந்து விழும்: "சினிமாவா, சாவா?" குழந்தையின் முதல் பல் படத்துக்குக்கூட. அடுத்த மாதப் பட்டியலில் தமிழ்ப் படம் ஏறியது. அதற்கடுத்த மாதமும். இதே கூட்டத்தை மறுபடி வரவழைக்க முடியுமா என்று மிஸ்டர் லிம் ஆசையாக விசாரித்தார்.

அன்று சாயங்காலம் அத்தை அந்த பஸ்ஸிலேயே காப்பாருக்குக் கிளம்பினார். வண்டி நகரும்போது ஜன்னலைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினார்.

"நான் நெசமாவே போறப்ப நோட்டீஸ நீயே அடிடி. உனக்குத்தான் கூட்டம் சேர்க்கத் தெரியுது."