சேவ் பண்ணாத சூரர்

நெட்வொர்க் சூரர் என்றொரு இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். ஆலங்குடியில் மட்டும் நாலைந்து திரிகின்றன. தோளில் லேப்டாப் பை, கழுத்தில் நீல வயர், கடைக்குள் நுழைந்ததும் நம் நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய ஆள் வைத்த செட்டிங்கைப் பார்த்து "எவங்க இதச் செஞ்சது?" என்று தலையில் அடித்துக்கொண்டு, யாருக்கும் புரியாத எதையெதையோ தட்டி, ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்ததும் டீ கேட்பார். எல்லாம் தெரியும். ஒன்றைத் தவிர.

ரூட்டருக்கு இரண்டு நினைவு. கரண்ட் இருக்கும்வரை நிற்பது ஒன்று; கரண்ட் போய் வந்ததும் எழுந்து படிப்பது மற்றொன்று. முதலாவதில் தட்டியதை இரண்டாவதில் சேமிக்க ஒரே வரி போதும். சூரர் அதைத் தட்டமாட்டார். மறதியா? திமிரா? மறுபடி கூப்பிடட்டும் என்ற நினைப்பா? மூன்றும்தான் என்பேன். அதற்குப் பதில் சுவிட்சின் மேல் 'ஆஃப் செய்யாதே' என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போவார்.

ராபியாவின் இன்டர்நெட் சென்டருக்கு வாய்த்த சூரர் உதயசூரியன். அன்று காவ்யா என்ற பெண் நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்ப வந்திருந்தாள், அன்றோடு கடைசி. கரண்ட் போய் வந்தது. ரூட்டர் தன் பெயரே தெரியாமல் விழித்தது. காவ்யாவின் போனிலோ கல்லூரித் தளம் சுற்றிக்கொண்டே நின்றது.

ராபியா போன் போட்டார். "நீங்க சேவ் பண்ணலையா?"

"ஏங்க ஆஃப் பண்ணீங்க? எழுதி ஒட்டிருக்கேன்ல?"

"அத டிரான்ஸ்பார்மர்ல போயி ஒட்டிருக்கணும்! இங்கிட்டு வாங்க, புள்ள அழுகுது."

வந்தார். எல்லாவற்றையும் மனப்பாடமாகத் தட்டினார். காவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் தொடங்கினாள்.

"இப்பவாச்சும் சேவ் பண்ணிட்டுப் போங்க" என்றார் ராபியா.

"எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று சிரித்துவிட்டு டீக்கடைக்கு நடந்தார் சூரர்.

சான்றிதழ்கள் பாதி ஏறியபோது மறுபடி கரண்ட் போய் வந்தது. அவர் ஓடிவந்து மறுபடி தட்டி முடிப்பதற்குள் விண்ணப்ப நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போயிற்று. அவரோ இன்னும் பெரிய தாளாக ஒட்டிவிட்டுப் போனார்.

நீங்கள் தலையாட்டுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஆபீஸிலோ வீட்டிலோ, தான் வந்து தொட்டால்தான் எதுவும் ஓடும் என்று வைத்துக்கொண்டு, அதை மரியாதை என்று நம்புகிற ஆளா நீங்கள்? அப்படியானால் கொஞ்சம் கவனமாக இருங்கள். காவ்யா அடுத்த வருஷம் உங்களிடம்தான் வரப்போகிறாள்.