வாடகைக் காக்கா கட்டிய வீடு

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட கரையோரத்தில், ஒரு தேக்கரண்டியைக்கூடச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் வாழ்ந்த ஒரே அரச உத்தியோகத்தர் எங்கள் வாடகைக் காக்காதான். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

அவரும் நானும் ஒரே கந்தோரில் காணிப் பிரிவில் வேலை பார்த்தோம். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் காணி அனுமதிப்பத்திரம் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அவருக்கென்று ஒரு பூச்சாடி வைக்கும் அளவு மண்கூடக் கிடையாது. வீடு வாடகை. சைக்கிள், திருத்துகிற கடையில் மாத வாடகை. மழை வந்தால் குடை பியோனுடையது. ஒருமுறை கண்ணாடிக் கடைக்காரரிடம் போய், “கண்ணாடி பிரேம மாச வாடகைக்குத் தர ஏலாதா?” என்று கேட்டு, அந்த மனிதர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இவரைத் திரும்பவும் பார்த்ததாகக் கதை உண்டு.

வீட்டுத் தளபாடங்கள், கலியாண வீடுகளுக்குச் சாமான் கொடுக்கும் கடையிலிருந்து வந்தவை. ஒரு பெருநாளைக்கு நாங்கள் நாலைந்து பேர் அவர் வீட்டில் வட்டிலப்பத்தோடு உட்கார்ந்திருந்தபோது, வாசலில் லொறி வந்து நின்றது.

“காக்கா, மருதமுனையில ஒரு கலியாணம். கதிரையெல்லாம் வேணும்,” என்றார் கடைக்காரர்.

“எடுத்துக்கங்க. தம்பிமாரே, கொஞ்சம் எழும்புங்க.”

எழும்பினோம். கதிரைகள் போயின. மறுகா மேசை போனது. எங்களையும் ஏற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் வட்டிலப்பத்தை நின்றபடியே அவசரமாக விழுங்கினோம். காக்கா மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு மன்னரைப் போலச் சாப்பிட்டார்.

இப்படிப்பட்டவர் கண்ணில் அந்த மாதக் கட்டண விளையாட்டுச் சேவை பட்டதில் வியப்பில்லை. பெரிய கணினி வேண்டாம், விளையாட்டை வாங்கவும் வேண்டாம். எல்லாம் எங்கோ வெளிநாட்டில் ஒரு கம்பனியின் இயந்திரத்தில் ஓடும். படம் மட்டும் இணையத்தில் நம் வீட்டுக்கு வரும். கட்டாரில் இருக்கும் மாமி மகன் ஒருவரின் வங்கி அட்டையில் சந்தா கட்டி, வாடகைத் தொலைக்காட்சியில் காக்கா விளையாடத் தொடங்கினார்.

“தம்பி, விளையாட்டு சிங்கப்பூரில ஓடுது. நான் சாய்ந்தமருதில குந்திக்கிட்டிருந்து பந்தடிக்கிற,” என்று தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

என்னையும் ஒருநாள் கூட்டிப்போய் விளையாடவைத்தார். நான் பந்தை அடிக்கப் பொத்தானை அமத்தினேன். வீரன் சும்மா நின்றான். எதிரணிக்காரன் வந்து பந்தைக் கொண்டுபோனான். அதன் பிறகு என் வீரன் காலைத் தூக்கி வெறும் காற்றை ஓங்கி உதைத்தான். என் கோல்காப்பாளர், கோல் விழுந்து எதிரணி கட்டிப்பிடித்துக் கொண்டாடும் நேரத்தில் அழகாகப் பாய்ந்தார்.

“சிங்கப்பூருக்குப் போய் வரணும்தானே தம்பி. அந்தரப்படாதீங்க,” என்றார் காக்கா.

மழை பெய்தால் படம் கட்டை கட்டையாக உடையும். கரண்ட் போனால் எல்லாம் போகும். எனக்குப் பொறுக்கவில்லை.

“காக்கா, மாசா மாசம் கட்டுற காசச் சேத்தா ஒரு பழைய மெஷின் வாங்கலாமே. விளையாட்டும் ஒங்களுக்கெண்டு இரிக்கும். இத நிப்பாட்டினா என்ன மிஞ்சும்?”

“மெஷின வாங்கி எங்க வெக்கிற?”

“ஊட்டதான்.”

“ஊடு எங்க இரிக்கி?”

 ஒருகாலத்தில் அவர் கட்டிய வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது.

அந்த மனிதர் வாடகைக்காரராகப் பிறந்தவரல்ல. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். வாப்பா இல்லாத வீட்டில் காக்காதான் தங்கச்சிக்காகக் கடன்பட்டுக் கல்வீடு கட்டினார். நாள் குறித்தாயிற்று. கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் வாங்க அவர் அம்பாறைக்குப் போயிருந்த காலையில் கடல் வந்தது. திரும்பி வந்தபோது பெயின்ட் வாளி கையில் இருந்தது. வீடு இல்லை, தங்கச்சி இல்லை, உம்மாவும் இல்லை. பிறகு சுனாமி வீட்டுத் திட்டத்தில் அவருக்கும் ஒரு வீடு கிடைத்தது. சாவி வாங்க அவர் போகவே இல்லை. சொந்தமாக இருப்பதைத்தான் கடல் எடுக்கும் என்பது அவருடைய முடிவு. எங்களுக்கு அது பகிடியாக இருந்தது. பெயர் வைத்துச் சிரித்தோம்.

சில மாதங்களில் பந்து விளையாட்டை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். திரையில் ஒரு கடற்கரை ஊர். கட்டடம் கட்டும் விளையாட்டு. பள்ளிவாசல், தோணிகள், வீடுகளுக்கிடையே ஒடுங்கிய மணல் ஒழுங்கை, கடைசியில் பச்சைக் கேட் போட்ட ஒரு கல்வீடு. கிணற்றடியில் வாழை. தேக்கரண்டி வைத்திருக்காத மனிதர், ஓடு ஓடாகக் கூரை வேய்ந்து வைத்திருந்தார்.

“தங்கச்சிட ஊடா?” என்று கேட்டேன்.

“ஓம்.”

“அதே எடத்திலயா காக்கா? கடலுக்கு இவ்வளவு கிட்டயா?”

“இந்தக் கடல் எழும்பாது தம்பி. எழும்புற மாதிரி அவனுகள் செய்யல்ல.”

அன்றைக்குப் பிறகு அந்தச் சந்தாவைப் பற்றி நான் பேசவில்லை. எந்தக் காசுக்கு இது கிடைக்கும்?

அந்தக் கம்பனிக்குத்தான் காசு போதவில்லை. சேவையை நிறுத்தப் போவதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. இதுவரை உங்களோடு பயணித்தது எங்களுக்குப் பெருமை, நன்றி என்று எழுதியிருந்தார்கள். காக்கா அதை அச்செடுத்துக் கந்தோருக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

“ஒங்கட இங்கிலீசில எழுதுங்க தம்பி. விளையாட்டு வேணாம். அந்த ஊட்ட மட்டும் எடுத்துத் தர ஏலுமா எண்டு கேளுங்க.”

எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று உடனே பதில் வந்தது. அதன் கீழே அந்தக் கம்பனியின் வேறொரு சேவைக்கு விளம்பரம். முதல் மாதம் இலவசம்.

காக்கா அதை நான் வாசிக்கக் கேட்டுச் சிரித்தார். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

“கடல் சொல்லாம வந்த. இவனுகள் நன்றி சொல்லிப்போட்டு வாறானுகள்.”

கடைசி நாள் ஒரு சனிக்கிழமை பகல். என்னை வரச்சொன்னார். விளையாட்டில் அந்த ஒழுங்கையால் மெதுவாக நடந்தார். பள்ளியைக் கடந்தார். பச்சைக் கேட்டைத் திறந்து உள்ளே போய், கிறுகித் திரும்பி அதைச் சாத்தினார். பொத்தானை அமத்திக் கொஞ்சம் கழித்துத்தான் கேட் மூடியது. அந்தத் தாமதம் அன்றைக்கு எனக்கு நல்லதாகப்பட்டது. ஒரு நொடியாவது அதிகமாகக் கிடைத்ததே. பிறகு திரை கறுத்தது. இணைப்பு முடிவடைந்தது என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி. காக்கா எழும்பிப் போய் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். சீனி போட மறந்துவிட்டார். நானும் அப்படியே குடித்தேன்.

“காக்கா, நான் ஒரு மெஷின் வாங்குறன். அதில திரும்பக் கட்டுவம்,” என்றேன்.

“ஒரு ஊட்ட ரெண்டு தரம் கட்டினன் தம்பி. மூணாம் தரத்துக்குக் கை வராது.”

இப்போது கந்தோருக்குப் புதிதாக வரும் இளசுகள் என்னிடம் கேட்கிறார்கள், இந்த மாதக் கட்டண விளையாட்டு பெறுமதியா என்று. பந்தடித்து மறந்துபோகிறதென்றால் பெறுமதிதான் என்பேன். எதையாவது கட்டி வைக்கப் போகிறாய் என்றால், சல்லிக்காசும் கொடுக்காதே. உன் வீட்டை இன்னொருவன் நன்றி சொல்லி விளக்கைப் போல அணைத்துவிடுவான்.

காக்கா இடமாற்றம் கேட்டு இறக்காமத்துப் பக்கம் போய்விட்டார். கடல் இல்லாத ஊர். ஆனால் யானை இருக்கிறது. போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, யானை வந்து மதில தள்ளிட்டு. ஊட்டுக்காரன் தலையில கையை வெச்சிக்கிட்டு நிக்கான். நான் தேத்தண்ணி குடிக்கன்.”

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். பழைய சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புத்தான். அதிலிருந்து யானை வரும்போதெல்லாம் எனக்குப் போன் வரும். வராத வாரங்களில் நானே எடுத்து, யானை வந்ததா காக்கா என்று கேட்பேன்.